பொது வாய்க்காலும் பொது நிரலும்
(ஏற்காட்டில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காப்பி பறிக்கும் நமக்கும் கணினிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கிறார்கள். சம்பந்தம் உண்டு. கணினிக்கு வரி வரியாக எழுதும் கட்டளைதான் நிரல். அதுவும் உழைப்புதான்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை எடுத்துக்கொள்வோம். அதன் பக்கத்திலேயே தமிழில் எழுத 'ஜேக்வரி ஐ.எம்.இ.' என்ற சிறு கருவி இருக்கிறது. 1999-ல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைமுறையும் அதில் உண்டு. அந்த முறைப்படி அ, க, க, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் 'அக்கா' வந்துவிடும். புள்ளியைக் கணினியே வைத்துக்கொள்ளும். எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற விதிகள்தான் அந்த நிரலில் எழுதப்பட்டிருக்கின்றன.

அந்த நிரலை யாரும் படிக்கலாம். தவறு கண்டவர் ஒரு பிரதி எடுத்து, திருத்தி, திருப்பி அனுப்பலாம். பொறுப்பாளர்கள் சோதித்துப் பார்த்துச் சேர்ப்பார்கள். ஒருவர் திருத்தியது எல்லோருக்கும் பயன்படும்.

இது நமக்குப் புதிதா? ஊர் கூடி, ஆளுக்கொரு மண்வெட்டியோடு வாய்க்காலைத் தூர்வாரிய குடிமராமத்து இதே வழிதானே!

ஆனால் பொதுச் சொத்து இருக்குமிடத்தில் வேலி போட வருகிறவனும் இருப்பான். அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஓர் அச்சுப்பொறியின் நிரலைக் கேட்டபோது தர மறுத்துவிட்டார்கள். 1983-ல் அவர் 'குனூ' திட்டத்தை அறிவித்தார். 1989-ல் குனூ பொது உரிமம் வந்தது. 'எடு, திருத்து, பிறருக்குக் கொடு. கொடுக்கும்போது அதே உரிமையையும் சேர்த்துக் கொடு' என்பதே அதன் சாரம்.

எம்.ஐ.டி. உரிமம் வேறு வகை. எடுத்தவர் தம் திருத்தத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு விற்கலாம். நாம் சொன்ன கருவிக்கு இரண்டு உரிமமும் உண்டு. எடுப்பவர் இஷ்டப்படி தேர்ந்துகொள்ளலாம். பறிப்பவர் கை ஒன்று, டப்பாவில் அச்சாகும் பெயர் வேறொன்று என்பது காப்பித் தோட்டத்தில் நாம் கண்டதுதானே! ஆகவே உழைப்பைக் கொடுக்கும் முன் உரிமத்தைப் படிக்க வேண்டும்.

நிரல் எழுதத் தெரிந்தவர்தான் வரவேண்டும் என்பதில்லை. எழுத்து தப்பாக விழுந்தால் எந்த விசையைத் தட்டினோம், என்ன வந்தது என்று எழுதி அனுப்பினால் அதுவும் பங்களிப்பே. ஆங்கிலத்தில் நிற்கும் சொல்லுக்கு நம் மக்கள் பேசும் சொல்லைத் தருவதும் பங்களிப்பே. இதற்குப் பட்டம் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் கணினி தொடும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். தமிழ் எழுதும் கருவியை வாங்குகிறவர்களாக மட்டும் அவர்கள் நிற்க வேண்டாம், செய்கிறவர்களாகவும் ஆகட்டும்!