செக்ரோலில் ஏறாத வேலை



இன்று ஏப்ரல் 11, உலக பார்க்கின்சன் தினம். 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற வைத்தியர் விவரித்த நடுக்குவாதம் இது. மூளையில் டோபமின் குறைவதால் வருகிறது, தொற்றாது. மாத்திரை நேரம் தவறினால் கை நடுங்கும், கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மலையில் கொழுந்தெடுக்கும் மகளின் மனமெல்லாம் லயத்தில்தான். குளிப்பாட்டுவதும், சோறூட்டுவதும், இரவில் புரட்டிப் படுக்கவைப்பதும் அவளே. அந்த உழைப்புக்குப் பேர் விழுவதில்லை.

"பாவம்" என்று சொல்லிக் கடந்துபோனால் போதாது. லயத்தில் இருப்பவர்கள் முறைவைத்து, பகல் மாத்திரையை வைத்தியர் குறித்த நேரத்துக்குக் கொடுப்போம். கிளினிக் நாளில் அவளுக்கு லீவு கேட்டுத் தலைவர்மார் துரையிடம் பேசட்டும். நாம் அவளுக்குச் சொல்லும் நன்றி அதுதான்.