தண்ணீர் தேடினோம், கரி கிடைத்தது

(சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



'பாலைவன நகரமும் பண்பாடும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம்மில் பலர் வளைகுடாவில் உழைத்தவர்கள். துபாயில் எண்ணெய் கிடைத்தது 1966-இல். அதற்கு முன்பே அது முத்துக் குளித்தும் வணிகம் செய்தும் பிழைத்த ஊர். வந்தவனோடு வியாபாரம் பேசும் அந்தப் பழைய குணம் இன்றும் அங்கே இருக்கிறது.

காடாம்புலியூர்க்காரனான எனக்கு உதாரணம் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்திலேயே இருக்கு, நெய்வேலி!

முல்லையும் குறிஞ்சியும் வளம் கெட்டால் பாலை என்பது நம் மரபு. நெய்வேலிப் பக்கம் முந்திரியும் பலாவும் காய்க்கிற செம்மண் மேடு. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கரிய பொருள் வந்தது. 1956-இல் நிறுவனம் பிறந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய அனல் மின்நிலையம் 1962-இல் மின்சாரம் தந்தது.

வேடிக்கையைப் பாருங்கள். தண்ணீர் தேடின இடத்துல கரி. கரிக்கு அடியிலோ பீறிட்டு வரும் தண்ணீர்! ராத்திரி பகலா இறைச்சாத்தான் சுரங்கம் பிழைக்கும். அதனால் ஊரே ஷிப்ட் கணக்கில் எழுந்தது, தூங்கியது. பல மொழிக்காரர்கள் ஒரே வரிசையில் குடியிருந்தார்கள். "எந்த ஊரு?" என்று கேட்பதற்குப் பதில் "எந்த வட்டம்?" என்று கேட்கும் பழக்கம் வந்தது. சாதித் தெரு இல்லாத நகரியம். ஆனால் பதவிக்கேற்ற வீடு என்ற புதுப் படிக்கட்டு உண்டு. 1998 முதல் நடந்த புத்தகக் கண்காட்சி இந்தக் கலப்பு மண்ணில் விளைந்த நல்ல பயிர்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இந்த நகரத்துக்காகக் கிராமங்கள் காலியாயின. வேலுடையான்பட்டு முருகன் கோயில் மட்டும் நகரியத்துக்குள்ளே நிற்கிறது. பங்குனி உத்திரத்துக்குச் சுற்றுப்பட்டு ஜனங்கள் காவடியோடு வருகிறார்கள். அன்றைக்கு ஒருநாள் பழைய ஊர் திரும்பி வருது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய் வெட்ட இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. நிலம் கொடுத்தவன் கேள்வி இன்னும் முடியவில்லை என்பதுதான் அதன் பொருள்.

மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வெளிச்சத்தில் படிச்சவங்கதான் நாமெல்லாம். ஆனா வெளிச்சத்துக்கு விலை கொடுத்தவர் யார் என்று தெரிந்திருக்க வேண்டாமா?

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலியான ஊர்களின் பெயர், அய்யனார் கோயில், ஏரி, களத்துமேடு எல்லாம் இன்னும் நம் தாத்தா பாட்டி நாக்கில் இருக்கு. விடுமுறையில் ஒருவர் ஒரு பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். அடுத்த மலரில் அச்சிட நம் சங்கம் பக்கம் ஒதுக்கட்டும். கரி ஒருநாள் தீரும். எழுதி வைத்தது நிற்கும்.