கேபிளுக்குள் திரும்பும் அலை



மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் ஏரியல் கேபிள் பழுதானால் படத்தில் புள்ளி விழும். உருவம் இரட்டையாகத் தெரியும். டிஜிட்டல் படமோ தெளிவாக இருக்கும், அல்லது உறைந்து நின்றுவிடும். காரணம் புரியாமல் நல்ல ஏரியலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கும் குடும்பங்கள் உண்டு.

கேபிளைச் சோதிக்க வெக்டர் நெட்வொர்க் அனலைசர் என்றொரு கருவி இருக்கிறது. முன்பு ஆய்வுக்கூடங்களுக்குத்தான் கட்டுப்படியாகும். 2019 முதல் நேனோவிஎன்ஏ என்னும் கையடக்கக் கருவி பரவலாக விற்பனைக்கு வந்தது. விலை சில நூறு வெள்ளிதான். தோட்டத்தில் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகூட வாங்கலாம்.

கேபிளுக்குள் ஒரு சிறு அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று இது அளக்கிறது. கேபிள் சீராக இருந்து மறுமுனையில் பொருத்தமான மின்தடையும் இருந்தால் ஏதும் திரும்பாது. நசுங்கிய இடம், தண்ணீர் புகுந்த இடம், எலி கடித்த இடம் இவை அலையைத் திருப்பிவிடும்.

கருவி மலிவுதான், ஆனால் எண் சரியாக வருவது நம் கையில் இருக்கிறது. பால் நிறுக்கும்போது வாளியின் எடையைக் கழிக்கிறோமல்லவா? இங்கே வாளி என்பது கருவியையும் கேபிளையும் இணைக்கும் சிறு வயரும் கனெக்டர்களும். திறந்த முனை, ஷார்ட் முனை, மின்தடை முனை ஆகிய மூன்றையும் ஒவ்வொன்றாக மாட்டிக் கருவிக்கு அறிமுகப்படுத்தினால் அந்த எடை கழிந்துவிடும். கருவியின் வாயில் மாட்டினால் போதாது. இணைப்பு வயரின் நுனியில், கேபிள் மாட்டப்போகும் அதே இடத்தில் மாட்டவேண்டும். பலர் தவறுவது இங்கேதான். கருவியைச் சில நிமிடம் ஓடவிட்டு, அலைவரிசை எல்லையைக் குறித்த பிறகே இதைச் செய்யுங்கள். எல்லையை மாற்றினால் மறுபடியும் செய்யுங்கள்.

இன்னொரு சிக்கல். கருவி 50 ஓம், டிவி கேபிள் 75 ஓம். குறையே இல்லாத கேபிளின் மறுமுனையில் 75 ஓம் மின்தடை மாட்டினாலும், சக்தியில் 100-க்கு 4 பங்கு திரும்புவதாகவே கருவி காட்டும். 14 டெசிபெல் என்று வருவது அதுதான். கேபிள்மேல் பழி போடாதீர்கள். 75 ஓம் மின்தடை ஒன்றின் கால்களை மிகக் குட்டையாக வெட்டி, எஃப் கனெக்டரில் பற்றவைத்து, பெட்டியில் வந்த 50 ஓம் முனைக்குப் பதிலாக மாட்டுங்கள். கருவி 75 ஓமையே அடிப்படையாகக் கொள்ளும்.

ஏரியலில் பூஸ்டர் இருந்தால் அதன் மின்சாரம் கேபிள் வழியாகத்தான் போகிறது. அதை நிறுத்திக் கழற்றாமல் கருவியை மாட்டினால் கருவி போய்விடும். இடி மழையில் கூரைப் பக்கமே போகவேண்டாம்.

குறைவாகத் திரும்பினால் எல்லாம் நலம் என்றும் நினைக்கக்கூடாது. உளுத்த கேபிள் அலையை வழியிலேயே விழுங்கிவிடும். ஆகவே திரும்புவதும் குறையும், ஏரியல் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். ஏரியலைக் கழற்றி முனையைத் திறந்துவைத்து, 600 மெகாஹெர்ட்ஸ் பக்கம் அளந்து பாருங்கள். போனதெல்லாம் திரும்பவேண்டும். 12 டெசிபெல் குறைந்து திரும்பினால், போகும்போது 6, வரும்போது 6. ஏரியல் பிடிக்கும் சக்தியில் காற்பங்குதான் வீட்டுக்குள் வருகிறது. நல்ல ஆர்ஜி-6 கேபிள் 20 மீட்டருக்கு ஒரு வழியில் 3, 4 டெசிபெல்தான் இழக்கும்.

பழுது எங்கே என்றும் பார்க்கலாம். நுரை நிரப்பிய கேபிளில் அலை ஒரு நேனோ விநாடிக்குச் சுமார் 25 சென்டிமீட்டர் ஓடும். 80 நேனோ விநாடியில் திரும்பினால் போக 40. பழுது 10 மீட்டரில். கேபிளுக்குக் கேபிள் வேகம் மாறும் என்பதால், அதே ரகத்தில் 5 மீட்டர் துண்டை அளந்து, கருவியும் 5 மீட்டர் காட்டும்படி வேக எண்ணைத் திருத்திக்கொள்ளுங்கள். எல்லையை அகலமாக வைத்தால் தொலைவில் உள்ளது தெரியாது. 20 மீட்டர் கேபிளுக்கு உச்சியை 100 மெகாஹெர்ட்ஸாக வையுங்கள். ஓரிரு மீட்டர் முன்பின் இருக்கும். அந்த இடத்தில் உறையைச் சீவிப் பாருங்கள். பின்னல் கம்பி பளபளப்பாக இருந்தால் வெட்டி, கனெக்டர் போட்டு ஒட்டலாம். கறுத்திருந்தால் தண்ணீர் நெடுந்தூரம் ஓடியிருக்கிறது. முழுக் கேபிளையும் மாற்றிவிடுங்கள்.