பரீட்சை மாற்றமும் படிமுறையும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பாடசாலைக் கல்வியை முடிக்கும் பிள்ளை எந்தெந்தப் பாடங்களிற் சித்தியடைந்திருத்தல் வேண்டும் என்ற விதி காலத்துக்குக் காலம் மாறுகின்றது. அவ்விதி நல்லதா தீயதா என்று வாதிடுவோர் பலர். அதனை எந்த வரிசையில், எத்தனை ஆண்டுகளில் நடைமுறைக்குக் கொண்டுவருவது என்று சிந்திப்போர் சிலரே. ஆயினும் பிள்ளைகளின் வாழ்வு பெரும்பாலும் அந்த வரிசையிலேயே தங்கியிருக்கின்றது என்பது எமது கருத்து.

இன்றுள்ள விதியை முதலில் நோக்குவோம். க.பொ.த. சாதாரண தரத்திற் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்னும் ஆறும் எல்லோர்க்கும் பொதுவான பாடங்கள். உயர்தர வகுப்பிற்குச் செல்லத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களிற் சித்தியும், மூன்றிலேனும் திறமைச் சித்தியும் வேண்டும் என்பது பொது விதி. பட்டணத்துக் கல்லூரியிற் பயின்ற பிள்ளைக்கும், கணித ஆசிரியரையே காணாத பாடசாலையிற் பயின்ற பிள்ளைக்கும் வாயில் ஒன்றே. மிஷன் பாடசாலையிற் கற்ற எமக்கு ஆய்வுகூடமும் நூல்நிலையமும் கிடைத்தன. பல்கலைக்கழகம் வந்த பின்னரே சோதனைக் குழாயைக் கையில் எடுத்த நண்பர்களையும் நாம் அறிவோம். அவர்களது அறிவு எம்முடையதிற் குறைந்ததன்று. வசதியே குறைந்தது.

இனி, நமது நாட்டு வரலாற்றில் ஒரு பாடத்தைப் படிப்போம். 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சி, படித்தும் வேலையற்றிருந்த இளைஞரின் மனக்கொதிப்பை நாட்டுக்குக் காட்டிற்று. அதனை அடுத்து 1972இல் பெரியதொரு கல்விச் சீர்திருத்தம் தொடங்கிற்று. பாடசாலையிற் சேரும் வயது ஐந்திலிருந்து ஆறாயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்குப் பதிலாக ஒன்பதாந் தர முடிவிலே தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் ஏற்பட்டது. கணிதமும் விஞ்ஞானமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கட்டாயமாயின. தத்தம் ஊர்த் தொழில்களை அறியும் பொருட்டுத் தொழில் முன்னிலைப் பாடமும் சேர்க்கப்பட்டது.

நோக்கம் உயர்ந்தது. ஆண்டு வரிசையும் செம்மையானதே. 1972இல் ஆறாந் தரத்திற் புதிய பாடத்திட்டத்தைத் தொடங்கிய பிள்ளைகளே 1975இல் முதலாவது பரீட்சைக்குத் தோற்றினர். நடுவழியில் நின்றவர்மீது விதி திணிக்கப்படவில்லை. அப்படியாயின் குறை எங்கே? விதி படிப்படியாக ஏறிற்று. அதனைத் தாங்கவேண்டிய ஆசிரியரும் உபகரணமும் அதே வேகத்தில் ஏறவில்லை. விஞ்ஞானத்தை எல்லோர்க்கும் கட்டாயமாக்குவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை உருவாக்கப் பல ஆண்டுகள் வேண்டும். தொழிற் பாடத்தையோ, மேசைத் தொழிலையே பெரிதென மதித்த பெற்றோர் இரண்டாந்தரமாகவே எண்ணினர். 1977இல் ஆட்சி மாறவே அம்முறை கைவிடப்பட்டுச் சாதாரண தரம் மீண்டும் வந்தது. அந்தச் சான்றிதழைப் பெற்றவர்கள் இன்று அறுபதைக் கடந்தவர்கள். இச் சபையிலும் சிலர் இருக்கக்கூடும். அவர்களது அனுபவத்தைக் கேட்டறிவது இளைஞராகிய நமது கடமை.

அதே காலத்தில் நிகழ்ந்த இன்னொன்றையும் நாம் மறத்தற்கில்லை. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மொழிமூலத்திற்கு ஏற்ப வெவ்வேறு வெட்டுப் புள்ளிகள் விதிக்கப்பட்டன. பரீட்சை எழுதி முடித்த மாணவருக்கு அளவுகோல் பின்னர் மாறிற்று. ஓட்டம் முடிந்தபின் எல்லைக் கோட்டை நகர்த்துவது எந்த நியாயத்திலும் அடங்காது. அதனால் விளைந்த கசப்பு ஒரு தலைமுறையோடு நின்றுவிடவில்லை.

ஆயத்தம் முன்னும் விதி பின்னுமாய் வரவேண்டும் என்பதற்கு நமக்கு அயலில் உதாரணம் தேடவேண்டியதில்லை. ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கே கற்பித்தும் வந்தவர். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், பிள்ளைகள் படியேறிப் படிக்கும்படி பாலபாடங்களை எழுதினார், அச்சியந்திரத்தையும் வரவழைத்தார். கையிலே நூலைக் கொடாது படியென்று சொல்பவர் அல்லர் அவர்.

2025இல் அரசாங்கம் மற்றொரு சீர்திருத்தத்தை அறிவித்தது. 2026இல் முதலாந் தரத்திலும் ஆறாந் தரத்திலும் தொடங்கி ஆண்டுதோறும் மேலேறுவதாக அது வகுக்கப்பட்டது. பாடத்தொகுதி ஒன்றைப் பற்றி எழுந்த சர்ச்சையின் பின் ஆறாந் தரத் தொடக்கம் ஒரு வருடம் பின்போடப்பட்டது. ஆயத்தமின்றித் தொடங்குவதினும் ஒரு வருடம் பிந்துவது நன்று. ஆனால் அந்த ஒரு வருடத்தில் எந்தப் பாடசாலைக்கு எந்த ஆசிரியர் போய்ச் சேர்ந்தார் என்பதே கேள்வி.

ஆகவே நாம் வேண்டுவன நான்கு. முதலாவது, புதிய விதியை அந்தப் படிப்பைத் தொடங்கும் பிள்ளை தொடங்கும் நாளிலேயே அறிந்திருத்தல் வேண்டும். இரண்டாவது, ஆசிரியர் சென்று சேராத பாடத்தைக் கட்டாயச் சித்திக்குரியதாக ஆக்கலாகாது. மூன்றாவது, பழைய முறையிற் தவறியவர் மீண்டும் எழுதுவதற்குச் சில ஆண்டுகளேனும் பழைய பரீட்சை நடைபெறல் வேண்டும். நான்காவது, சித்தியடையாதவருக்கும் ஒரு வழி திறந்திருத்தல் வேண்டும். சாதாரண தரத்திற் சித்தியடையாதவரும் தொழிற்றுறைப் பாடங்களைக் கற்கலாம் என 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருடக் கல்வித் திட்டம் அத்தகைய ஒரு வழி. அதைத் தாழ்வென எண்ணாதிருப்பது பெற்றோராகிய உங்கள் கையில் உள்ளது.

அரசாங்கம் செய்யட்டும் என்று நாம் கைகட்டி இருப்பதா? நமது ஊர்ப் பாடசாலைகளில் எந்த வகுப்புக்கு எந்தப் பாடத்தில் ஆசிரியர் இல்லை என்ற கணக்கைச் சங்கம் எடுக்கட்டும். அதனைக் கல்வி அதிகாரிகளிடம் எழுத்திற் கொடுக்கட்டும். விடுமுறையில் ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவர் நாம், சங்க மண்டபத்திலே கணித வகுப்பை இலவசமாக நடத்துவோம். பெரியோர்கள் விளக்கும் வாங்கும் கரும்பலகையும் தந்துதவட்டும்.

விதியை எழுதுவோர் எழுதட்டும். அந்த விதியின் முன் நமது பிள்ளைகளுள் ஒருவரேனும் ஆசிரியர் இல்லாத காரணத்தால் தோற்று நில்லாதபடி பார்த்துக்கொள்வது நமது பொறுப்பு.