அகராதியில் அடுத்தடுத்து இருந்தாலும்
(கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் ஆற்றிய உரையிலிருந்து)

 

இந்த ஆண்டு விண்ணப்பத்தோடு ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தோம். ஒரு மாணவி, தையல் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தும் தன் உம்மாவை ‘ஸ்டிஞ்சி’ என்று எழுதியிருந்தார். அதாவது, கருமி! அழைத்துக் கேட்டோம். போட்டித் தேர்வுப் புத்தகத்தில் ‘ஃப்ரூகல், த்ரிஃப்டி, ஸ்டிஞ்சி, மைசர்லி’ நான்கும் ஒரே வரியில் இருந்தனவாம். அப்படியே மனப்பாடம் செய்திருக்கிறார். பிள்ளையைக் குறை சொல்ல முடியாது.

முதல் இரண்டும் சிக்கனம், பாராட்டு. மற்ற இரண்டும் கஞ்சத்தனம், ஏச்சு. வீண்விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது என்று மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு புதிதா என்ன?

‘ஃபேமஸ்’, ‘நொட்டோரியஸ்’ கதையும் இதுதான். இரண்டுமே பேர் எடுத்தவர். ஆனால் இரண்டாமவர் கெட்ட பேர் எடுத்தவர்.

ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேனர்ஸ் அகராதியைப் பாருங்கள். இத்தகைய சொற்கள் பலவற்றுக்குப் பக்கத்தில் ‘அப்ரூவிங்’, ‘டிஸ்அப்ரூவிங்’ என்று குறித்திருப்பார்கள். அதைப் பார்த்த பிறகு, தெரிந்த ஒருவரை வைத்து ஒரு வாக்கியம் எழுதுங்கள். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும்.

அந்த மாணவி ‘த்ரிஃப்டி’ என்று திருத்தித் தந்தார், அல்ஹம்துலில்லாஹ். முதலில் எழுதியதை உம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்றார். சொல்லவில்லை.