ஜீப்புக்கு ஏற்ற விஞ்ச்



ஜீப் வைத்திருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பவுண்டு விஞ்ச் போடலாம்?" ஆட்கள், சாமான்களோடு வண்டியின் மொத்த எடையை ஒன்றரையால் பெருக்குங்கள். 2,400 கிலோ என்றால் 3,600 வரும். சுமார் 8,000 பவுண்டு. கணக்கு அவ்வளவுதான்.

ஆனால் பெட்டியில் அச்சடித்திருக்கும் எண், டிரம்மில் ஒரே அடுக்கு கயிறு இருக்கும்போதுதான் பொருந்தும். அடுக்கு ஏற ஏற ஆரம் கூடும், இழுவை குறையும். முறுக்குவிசை என்பது விசை பெருக்கல் ஆரம். முதலாண்டில் நாம மனப்பாடம் பண்ணினதுதான்! நாலாவது அடுக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதனால் மரம் பக்கத்திலேயே இருந்தால், அதில் ஒரு கப்பியை மாட்டிக் கயிற்றை வண்டிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். வேகம் பாதியாகும், இழுவை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும்.

முழுச் சுமையில் 12 வோல்ட் மோட்டார் 400 ஆம்பியர் வரை இழுக்கும். எஞ்சினை அணைச்சிடாதீங்க.

கயிற்றில் மட்டும் காசு பார்க்காதீங்க. எஃகுக் கயிறு அறுந்தால் சாட்டை மாதிரி வீசும், ஆளையே முடித்துவிடும். செயற்கை இழைக் கயிற்றில் அந்த வீச்சு குறைவு, ஆனால் பாறையில் உரசினால் நைந்துபோகும். எதுவானாலும் நடுவில் கனமான சாக்கு ஒன்றைப் போட்டு, வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைக் கயிற்று நீளத்துக்கும் அப்பால் நிறுத்துங்கள்.