வாய் அசைகிறது, குரல் எங்கே?

(சமூகக் காணொளிப் பயிற்சிப் பட்டறையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாய்மார்களே, பெரியோர்களே, கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்திருக்கும் தம்பி தங்கைகளே!

"உரிமையைப் பற்றிப் பேசுவார் என்று வந்தால், கேமராவில் மைக்கும் லைட்டும் மாட்டுவதைப் பற்றிப் பேசப் போகிறாராம்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. விழட்டும். இன்று நான் பேச வந்ததே காதில் விழுவதைப் பற்றித்தான்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், துண்டாடப்படவிருந்த ஒரு தோட்டத்திற்குப் போயிருந்தோம். லயத்தில் 80 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி இருந்தார். சிறு வயதிலிருந்து அங்கேயே பால்மரம் சீவியவர். கோயில் நிலத்தை எந்தத் துரை கொடுத்தார், பெரட்டுக் களத்தில் யார் யார் முன்னிலையில் சொன்னார், எந்தக் கிராணி அதைப் புத்தகத்தில் எழுதினார் என்று ஒரு மணி நேரம் வரிசையாகச் சொன்னார். நான் புதிதாக வாங்கிய மைக்கைக் கேமராவின் தலையில் பெருமையாக மாட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். படம் பளிச்சென்று இருந்தது. பாட்டியின் வாய் அசைந்தது. குரல் இல்லை.

என்ன நடந்தது? அந்த மைக்குக்குத் தனி பேட்டரி, தனி சுவிட்ச். நான் சுவிட்சைப் போடவில்லை. வெளி மைக்கைச் செருகியதும் கேமரா தன் சொந்த மைக்கை நிறுத்திவிடும். ஆக இரண்டும் இல்லை. அடுத்த வாரம் போகலாம் என்றேன். அடுத்த வாரம் வேறு வேலை வந்தது. அதற்கடுத்த மாதம் பாட்டி காலமாகிவிட்டார். அந்த ஒரு மணி நேரம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எதற்கும் உதவாது.

ஏன் இதைச் சொல்கிறேன்? பிறருக்குப் பத்திரம் இருக்கிறது, பட்டா இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. நமக்கோ பெரும்பாலும் வாய்ச்சொல்தான் இருக்கிறது. துரை வாயால் கொடுத்த நிலம், மண்டோர் வாயால் சொன்ன கணக்கு, பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளை எந்த லயத்தில் பிறந்தது என்று மருத்துவச்சிக்கு மட்டும் தெரிந்த செய்தி. நம்முடைய ஆவணங்கள் பெரியவர்களின் வாயில் இருக்கின்றன. அந்த வாயைப் படம் எடுத்துவிட்டுக் குரலைத் தவறவிட்டால், பத்திரத்தின் உறையை வைத்துக்கொண்டு பத்திரத்தைத் தொலைத்த கதைதான்.

2007ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு செப்டம்பரில் 'லிங்கம் ஒளிநாடா' வெளியானது. 2001இல் ஒரு வீட்டில் எடுக்கப்பட்ட காட்சி. வழக்கறிஞர் ஒருவர் தொலைபேசியில் நீதிபதிகளின் நியமனம் பற்றிப் பேசுகிறார். ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது. அதுவே நாட்டை உலுக்கி, அரச விசாரணை ஆணையம் வரை கொண்டு சென்றது. அதில் பார்ப்பதற்கு என்ன இருந்தது? ஒரு மனிதர் தொலைபேசியில் பேசுகிறார், அவ்வளவுதான். கேட்பதற்குத்தான் எல்லாம் இருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் மாரியம்மன் ஆலயம் இடிக்கப்பட்டது. 26 நாட்கள் கழித்து, நவம்பர் 25ஆம் நாள், கோலாலம்பூர் வீதிகளில் நம் மக்கள் கண்ணீர்ப் புகையிலும் பீய்ச்சியடித்த நீரிலும் நின்றார்கள். 2009இல் பினாங்கு கம்போங் புவா பாலா இடிபட்டது. அப்படிப்பட்ட நாட்களில் நம் ஆட்கள் எடுத்த காட்சிகள் பல வீடுகளில் இருக்கும். எடுத்துப் போட்டுப் பாருங்கள். காற்றின் இரைச்சலும் கூச்சலும்தான் பெரிதாகக் கேட்கும். எந்த அதிகாரி என்ன சொன்னார் என்பது கேட்காது. இனி எடுப்பவை அப்படி ஆகக்கூடாது.

சரி, வேலைக்கு வருவோம்.

மைக்கை எங்கே வைப்பது?

கேமராவுக்குள் இருக்கும் மைக் எல்லாவற்றையும் கேட்கும். நீங்கள் மூச்சு விடுவது, விரல் உரசுவது, மேலே சுற்றும் காற்றாடி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, தகரக் கூரையில் விழும் மழை, அத்தனையும் அதற்கு ஒன்றுதான். பேசுகிறவர் தள்ளிப் போகப் போக அவர் குரல் மட்டும் தேயும். தூரம் இரண்டு மடங்கானால் குரலின் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். காற்றாடியின் சத்தமோ குறையாது. ஆகவே முதல் விதி: விலை உயர்ந்த மைக்கைவிட அருகில் இருக்கும் மைக்கே மேல்.

கேமராவின் தலையில் ஒரு சிறு உலோகத் தடம் இருக்கும். இதை 'ஷூ' என்பார்கள். நீண்ட குழாய் போன்ற ஷாட்கன் மைக்கை இதில்தான் பொருத்துகிறோம். நேராகத் திருகி இறுக்கினால், நீங்கள் நடக்கும் அதிர்வும் கேமராவைப் பிடிக்கும் ஓசையும் உள்ளே போகும். ரப்பர் வளையங்களில் தொங்கும் தாங்கியில் வையுங்கள். அதன் நுனி படத்திற்குள் வருகிறதா என்று திரையில் பாருங்கள். வயரைத் தொங்க விடாதீர்கள். அது கேமராவில் தட்டும் சத்தமும் பதிவாகும். ஒரு சுற்றுச் சுற்றி ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். வெளியிடத்தில் பஞ்சு உறை போதாது. முடி முடியாக இருக்கும் காற்றுத் தடுப்பு உறையைப் போடுங்கள்.

ஒன்றை நினைவில் வையுங்கள். ஷாட்கன் மைக் தூரத்துக் குரலை அருகே இழுத்து வராது. பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். சிறிய தகர வீட்டுக்குள் எதிரொலி எல்லாப் பக்கத்திலிருந்தும் வரும். அங்கே அது அதிகம் உதவாது. பேட்டிக்குச் சட்டையில் குத்தும் கிளிப் மைக்தான் சரி. மோவாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்துங்கள். பாட்டிமாருக்குத் தாலிக்கொடியும் சங்கிலியும் மைக்கில் உரசும். சேலை மடிப்பில் தள்ளிக் குத்துங்கள். ஆனால் ஆண்பிள்ளை போய்க் குத்தாதீர்கள். வீட்டுப் பெண்பிள்ளையிடம் கொடுங்கள்.

கேமரா இல்லையா? கைப்பேசி போதும். ஆனால் செருகும் ஊசியைக் கவனியுங்கள். கேமரா மைக்கின் ஊசியில் 2 கறுப்பு வளையங்கள் இருக்கும். கைப்பேசி மைக்கின் ஊசியில் 3 இருக்கும். மாற்றிச் செருகினால் பல நேரங்களில் வெளி மைக் வேலை செய்யாது. கைப்பேசி தன் சொந்த மைக்கிலேயே பதிவு செய்யும், உங்களுக்குத் தெரியாது. ஓட்டையே இல்லாத புதிய கைப்பேசிகளுக்கு அதற்கேற்ற இணைப்பான் வேண்டும்.

எதை மறந்தாலும் ஹெட்போனை மறக்காதீர்கள். மாட்டிக்கொண்டு கேளுங்கள். முதல் அரை நிமிடம் பதிவு செய்து, திருப்பிப் போட்டுக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நான் அன்று இதைச் செய்திருந்தால் இன்று பாட்டியின் குரல் உங்களுக்குக் கேட்டிருக்கும்.

விளக்கை எங்கே வைப்பது?

நம்முடைய நிறம் நமக்குத் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேமராவுக்கு மொத்த வெளிச்சம்தான் கணக்கு. தாத்தாவைத் திறந்த சன்னலுக்கு முன்னால் உட்கார வைத்தால், கேமரா சன்னலைப் பார்த்து, வெளிச்சம் போதும் என்று முடிவு செய்துவிடும். தாத்தாவின் முகம் கரி படிந்தது போல் ஆகிவிடும். யாரென்றே தெரியாத முகத்தை யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்?

பகலில் விளக்கே வேண்டாம். நாற்காலியைத் திருப்பிப் போடுங்கள். சன்னல் உங்கள் முதுகுப் பக்கமும் தாத்தா சன்னலைப் பார்த்தபடியும் இருக்கட்டும். செலவில்லாத விளக்கு அதுதான்.

மாலையில், வேலை முடிந்து வந்த பிறகுதான் பேச நேரம் கிடைக்கும் என்றால் விளக்கு வேண்டும். முன்பு கேமராவின் மேல் ஹாலஜன் விளக்கு மாட்டுவோம். சூடு தாங்காது, பேட்டரியும் சீக்கிரம் தீர்ந்துவிடும். இப்போது எல்.இ.டி. விளக்குகள் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் அதைக் கேமராவுக்கு நேர் மேலே வைத்து முகத்தில் அடித்தால், போலீஸ் நிலையத்தில் எடுத்த படம் மாதிரி இருக்கும். வயதானவர் கண்ணும் கூசும். கண்ணைச் சுருக்கிக்கொண்டு யார் மனம் விட்டுப் பேசுவார்? விளக்கின் முன் ஒரு வெள்ளை எண்ணெய்த் தாளை ஒட்டுங்கள். கண் மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகத் தள்ளி வையுங்கள். தூரத்தையும் பாருங்கள்: 1 மீட்டரில் கிடைக்கும் வெளிச்சத்தில் கால் பங்குதான் 2 மீட்டரில் கிடைக்கும்.

வீட்டு விளக்கு எரியும்போது படத்தில் கோடுகள் ஓடினால், கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வையுங்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்.

இரண்டையும் ஒன்றாக மாட்டும்போது

கேமராவில் ஷூ ஒன்றுதான் இருக்கும். மைக்கும் விளக்கும் அதற்குப் போட்டி போடும். இரண்டையும் அதன் மேலேயே அடுக்கினால், பாரம் தாங்காமல் அது பெயர்ந்துவிடும். கேமராவும் தலைகனத்து ஆடும். கல்யாண வீடியோ எடுக்கும் நம் தம்பிகளைக் கேளுங்கள். 'எல்' வடிவத்தில் ஓர் உலோகச் சட்டம் வைத்திருப்பார்கள். கேமராவின் அடியில் முக்காலியை மாட்டும் துளையில் அதைத் திருகி, பக்கத்துக் கையில் விளக்கை மாட்டுவார்கள். மைக்குக்குத் தலை, விளக்குக்குத் தோள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளக்கும் மைக்கின் வயரும் ஒட்டி இருக்கக் கூடாது. சில மலிவான விளக்குகளின் இரைச்சல் மைக்கில் ஏறும். மைக், விளக்கு, கேமரா என மூன்றுக்கும் மாற்று பேட்டரி பையில் இருக்கட்டும்.

அதிகாரிகள் வந்து நிற்கும்போது

வீட்டையோ ஆலயத்தையோ உடைக்க வரும்போது நேரம் கேட்டுக்கொண்டு வரமாட்டார்கள். அப்போது விளக்கை அணைத்துவிடுங்கள். அதிகாரியின் கண்ணில் அடித்து வம்பை விலைக்கு வாங்க வேண்டாம். குறுக்கே நிற்காமல் தள்ளி நின்று எடுங்கள். பொது ஊழியரின் கடமைக்குத் தடையாக இருந்ததாகத் தண்டனைச் சட்டம் 186ஆம் பிரிவில் குற்றம் சாட்ட இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, கேமரா பிடிப்பவர் வாயை மூட வேண்டும். எனக்கும் வயிறு எரியும், உங்களுக்கும் எரியும். ஆனால் மைக்குக்கு மிக அருகில் இருப்பவர் நீங்கள். நீங்கள் திட்டினால் உங்கள் திட்டுதான் பதிவாகும். அதிகாரி சொன்னது அமுங்கிப் போகும். பேசுவதற்கு வேறொருவரை முன்னால் அனுப்புங்கள். அவர் நிதானமாகக் கேட்கட்டும்: "எந்த அலுவலகம்? ஆணை எங்கே? எண் என்ன? கையெழுத்திட்டவர் யார்?" மைக்கின் முகம் பதில் சொல்பவரை நோக்கி இருக்கட்டும். பதில் சொல்லாமல் போனால், அந்த மௌனமும் பதிவாகட்டும்.

எடுத்த பிறகு

தொடக்கத்திலேயே தேதி, நேரம், இடம், பேசுபவரின் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லிவிடுங்கள். மூலப் பதிவை வெட்டாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள். அப்படியே இரண்டு நகல் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது தரம் குறையும். ஆகவே மூலத்தை அழிக்காதீர்கள். நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் 'ஆவணம்' என்ற சொல்லுக்குள் ஒலிப்பதிவும் காணொளியும் அடங்கும். அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்துபோனவர் சொன்ன சொல்லையும் சில சூழல்களில் ஏற்கிறது. ஆனாலும் காணொளியோடு நின்றுவிடாமல், பெரியவரை ஆணையாளர் முன் அழைத்துச் சென்று சத்தியப் பிரமாணமும் எடுத்து வையுங்கள். உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்பதை வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அன்பர்களே, பெரிய கேமரா வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் தாமானில், உங்கள் பழைய தோட்டத்தில், உங்கள் வீட்டிலேயே ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை போங்கள். காற்றாடியை நிறுத்துங்கள். தொலைக்காட்சியை மூடுங்கள். சன்னலைப் பார்த்து உட்கார வையுங்கள். மைக்கை ஒரு சாண் கீழே குத்துங்கள். சுவிட்சைப் போடுங்கள். போட்டுவிட்டீர்களா என்று இன்னொரு முறை பாருங்கள். பிறகு, "பாட்டி, அந்தக் கோயில் நிலத்தை யார் கொடுத்தது?" என்று கேளுங்கள்.

அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.